குதிரைக்குப் பல் பார்க்க ஆள் தேடுகிறீர்களா? செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

மாட்டின் வாயைத் திறந்து இரண்டு பல்லா, நாலு பல்லா, கடை சேர்ந்துவிட்டதா என்று சொல்லிவிடுகிற பெரியவர்கள் நாஞ்சில் நாட்டில் இன்றும் இருக்கிறார்கள். குதிரை வாயைத் திறக்கச் சொன்னால் அவர்களே தயங்குவார்கள். அந்தத் தயக்கம் நியாயமானது. குதிரையின் முன்பல்லைப் பார்த்து வயதை ஓரளவு சொல்லிவிடலாம். ஆனால் அதற்கு நோவு வருவது பெரும்பாலும் அரைக்கும் பற்களில். அவை கன்னத்துக்கு உள்ளே, கண்ணுக்குக் கீழே வரைக்கும் நீண்டு கிடக்கின்றன. உதட்டை விலக்கிப் பார்க்கிறவருக்கு அவற்றில் ஒன்றுகூடத் தெரியாது.

குமரி மாவட்டத்தில் குதிரை என்றதும் வாகனங்கள்தான் நினைவுக்கு வரும். குமாரகோவில் முருகனின் வெள்ளிக்குதிரை, சாமிதோப்பில் அய்யா கலிவேட்டைக்கு எழுந்தருளும் குதிரை வாகனம், விஜயதசமி அன்று பகவதி அம்மன் பரிவேட்டைக்காக மகாதானபுரம் போகும் குதிரை வாகனம். பத்மநாபபுரம் அரண்மனைப் பூமுகத்தில் தொங்கும் விளக்கிலும் ஒரு குதிரைக்காரன் உண்டு. உயிருள்ள குதிரைகள் கடற்கரைச் சவாரிக்கும் கல்யாண ஊர்வலத்துக்கும் ஆசைக்குமாக அங்கொன்றும் இங்கொன்றுமாக நிற்கின்றன. அதனால்தான் சிக்கலும். மாடும் ஆடும் கோழியும் நாயும் பார்க்கிற டாக்டர்கள் அகஸ்தீஸ்வரத்திலிருந்து விளவங்கோடு வரை எல்லாத் தாலுகாவிலும் கிடைப்பார்கள். தினம் நாலு குதிரை வாயையாவது பார்த்துக் கைப்பழக்கம் வந்தவர் கிடைப்பது அரிது.

இது இன்று நேற்று வந்த குறை என்றும் சொல்ல முடியாது. 13-ம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக் கடற்கரைக்கு வந்த மார்கோ போலோ, காயல் துறைமுகத்தில் அரபு, பாரசீகக் குதிரைகள் வந்து இறங்குவதை எழுதியிருக்கிறார். ஓர் அரசன் ஆண்டுக்கு 2,000-க்கு மேல் வாங்குகிறான், ஆண்டு முடிவில் 100 கூட மிஞ்சுவதில்லை என்பது அவர் சொல்லும் கணக்கு. எண்ணிக்கையில் மிகை இருக்கலாம். அவர் சொன்ன காரணம்தான் முக்கியம்: குதிரையைப் பேணத் தெரிந்த வைத்தியர் இந்தப் பக்கம் இல்லை, விற்கிற வணிகர்களும் அப்படி ஒருவரை வரவிடுவதில்லை. குதிரை செத்தால்தானே அடுத்த கப்பல் குதிரை விலை போகும். 700 ஆண்டுகளுக்கு முன் அரசனுக்கே கிடைக்காத ஆள், இன்று கொஞ்சம் முறையாகத் தேடினால் நமக்குக் கிடைப்பார். எங்கே தேடுவது, எதைக் கேட்பது, யாரைத் தவிர்ப்பது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் பல்லைப் பற்றி. நமக்கு வளர்ந்து நின்றுவிடுவது போல் குதிரைக்கு நிற்பதில்லை. தேய்கிற அளவுக்கு ஈடாக ஆண்டுக்கு 2 முதல் 3 மில்லிமீட்டர் வரை பல் ஈறிலிருந்து வெளியே வந்துகொண்டே இருக்கும். இளங்குதிரையின் ஓர் அரவைப்பல் 7 முதல் 10 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். அதில் பெரும்பகுதி எலும்புக்குள் புதைந்திருக்கும். மேல் தாடை அகலம், கீழ்த் தாடை குறுகல். அதனால் அரைக்கும்போது மேல் பற்களின் வெளி ஓரமும் கீழ்ப் பற்களின் உள் ஓரமும் தேயாமல் தப்பி, கத்தி முனைபோல் கூராகிவிடும். மேலே உள்ள முனை கன்னத்தைக் கிழிக்கும், கீழே உள்ளது நாக்கைக் கிழிக்கும். ஒரு கிலோ உலர்புல்லை மென்று முடிக்கக் குதிரை 3,000 தடவைக்கு மேல் தாடையை அசைக்கிறது. தானியம் என்றால் ஏறக்குறைய 1,000 தடவையோடு முடிந்துவிடும். காணமும் தவிடும் மட்டுமே தின்கிற குதிரை பக்கவாட்டில் அகலமாக அரைக்காது, அதனால் முனைகள் இன்னும் வேகமாகக் கூராகும். நம் ஊரில் வைக்கோலே பெரும் தீவனம். நெல் வைக்கோலில் சிலிக்கா அதிகம், பல்லை அது தேய்க்கும். கடற்கரையில் மேய்கிற குதிரைக்குப் புல்லோடு மணலும் சேர்ந்து அரைபடும். ஆக, குமரிக் குதிரைக்குப் பல் பரிசோதனை கட்டாயம் தேவைப்படுகிறது.

செய்ய வேண்டியவை

டாக்டரைத் தேடுவதற்கு முன் லாயத்தைப் பாருங்கள். தீவனத் தொட்டிக்கு அடியில் குனிந்து பார்த்தால் பாதி மென்ற வைக்கோல், எச்சிலில் ஊறி விரல் கனத்தில் சுருட்டுச் சுருட்டாகக் கிடக்கும். குதிரை மெல்ல முயன்று வலி தாங்காமல் துப்பியது அது. கையில் எடுத்து முகர்ந்தால் புளித்த வாடை வரும். அழுகல் நாற்றம் வந்தால் பல்லிடுக்கில் தீவனம் சிக்கி அழுகுகிறது என்று அர்த்தம். லத்தியையும் உடைத்துப் பாருங்கள். முழுக் காணம் அப்படியே வந்திருக்கிறதா, வைக்கோல் நீள நீளமாகத் தெரிகிறதா? தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து மெல்லுகிறதா? ஒரு கன்னம் மட்டும் உப்பியிருக்கிறதா? குளிர்ந்த தண்ணீரை வாயில் வைத்ததும் பின்வாங்குகிறதா? கடிவாளம் மாட்டும்போது தலையை உதறுகிறதா? ஒரே மூக்குத் துவாரத்தில் நாற்றமெடுத்த சளி வடிகிறதா? இவற்றை ஒரு வாரம் குறித்துவையுங்கள். கைப்பேசியில் படமும் எடுங்கள். "சரியாத் தின்ன மாட்டேங்குது டாக்டர்" என்று சொல்வதைவிட இந்தக் குறிப்பு பத்து மடங்கு உதவும். ஒன்றும் தெரியாவிட்டாலும் ஆண்டுக்கு ஒருமுறை காட்டியே ஆக வேண்டும். வாய்க்குள் ரணத்தோடும் தின்றுகொண்டே இருக்கிற பிராணி குதிரை. உடம்பு இளைத்தபின் கூப்பிடுவது என்றால் ரொம்பத் தாமதம்.

பதிவு பெற்ற கால்நடை மருத்துவரையே தேடுங்கள். 1984-ம் ஆண்டு இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டப்படி, கவுன்சிலில் பதிவு பெற்றவர்தான் விலங்குகளுக்கு வைத்தியம் பார்க்கலாம். குதிரைப் பல் டாக்டர் என்று தனியாகப் பதிவு செய்யும் ஏற்பாடு நம் நாட்டில் இல்லை. கால்நடைக் கல்லூரிகளில் பல் வைத்தியம் அறுவைச் சிகிச்சைத் துறையின் கீழ்தான் வருகிறது. ஆகவே பி.வி.எஸ்சி. முடித்து, குதிரை வைத்தியத்தில் அனுபவம் உள்ளவரே உங்களுக்கு வேண்டியவர். அறுவைச் சிகிச்சையில் எம்.வி.எஸ்சி. படித்தவர் என்றால் இன்னும் நல்லது. பதிவு எண் கேட்பதில் கூச்சப்படாதீர்கள். நல்ல டாக்டர் அதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

தேடலைப் பக்கத்தில் தொடங்கி வெளியே போங்கள். உங்கள் ஊர்க் கால்நடை மருந்தகமும் நாகர்கோவில் அரசு கால்நடை மருத்துவமனையும் முதல் படி. அங்கே உள்ளவர் பல்லின் கூர்முனைகளை அரத்தால் தேய்த்துத் தராமல் போகலாம். ஆனால் பொதுவாகப் பரிசோதித்து, இது பல் நோவுதானா வேறு நோயா என்று பிரித்துச் சொல்வார், யாரிடம் போகலாம் என்று கடிதமும் கொடுப்பார். அவசரத்துக்கு 1962 என்ற எண் இருக்கிறது. நடமாடும் கால்நடை மருத்துவ வண்டிக்கான எண் அது.

அடுத்த படி, திருநெல்வேலி ராமையன்பட்டியில் 2012-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி. நாகர்கோவிலில் இருந்து சுமார் 80 கிலோமீட்டர். எக்ஸ்ரே எடுப்பது, வேர் அழுகிய பல்லைப் பிடுங்குவது போன்ற பெரிய காரியங்களுக்கு நமக்கு மிக அருகில் உள்ள கல்லூரி இதுதான். போவதற்கு முன் அறுவைச் சிகிச்சைத் துறையில் பேசி, குதிரை பார்க்கிற ஆசிரியர் இருக்கும் நாளைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஆரல்வாய்மொழிக் காற்றில் திறந்த வண்டியில் குதிரையை நிறுத்திக்கொண்டு போய், டாக்டர் விடுப்பில் இருக்கிறார் என்று திரும்புவது அந்த உயிருக்குச் செய்யும் கொடுமை.

மேற்கே திருவனந்தபுரம் சுமார் 70 கிலோமீட்டர். கேரள போலீஸின் குதிரைப் பிரிவு அங்கே இருக்கிறது. போலீஸ் குதிரை உள்ள ஊரில் குதிரை பார்த்துப் பழகிய டாக்டரும் லாடம் அடிக்கிறவரும் இருப்பார்கள். கல்குளம், விளவங்கோடு, கிள்ளியூர்க்காரர்களுக்கு இந்தப் பக்கம் விசாரிப்பதே எளிது. சென்னை தூரம்தான். ஆனால் 1903-ல் தொடங்கிய வேப்பேரி கால்நடைக் கல்லூரி, மாநகரப் போலீஸின் குதிரைப் பிரிவு, கிண்டியில் ஓடிய பந்தயக் குதிரைகள் என்று அனுபவம் குவிந்த இடம் அது. அங்கே படித்தவர், வேலை பார்த்தவர் யாராவது ஓய்வு பெற்றுத் தெற்கே வந்திருக்கிறாரா என்று கேளுங்கள். ராணுவத்தின் ரிமவுண்ட் கால்நடைப் படையில் இருந்து ஓய்வு பெற்ற டாக்டர்களையும் விசாரியுங்கள். குமரியில் ஓய்வுபெற்ற ராணுவக்காரர்கள் இல்லாத ஊர் ஏது? அவர்கள் சங்கங்களில் ஒரு வார்த்தை சொல்லிவைத்தால் தகவல் வந்து சேரும்.

போனில் நேராகக் கேளுங்கள். "டாக்டர், மயக்க ஊசி போட்டுத்தான் வாயைத் திறப்பீங்களா? வாயைத் திறந்து நிறுத்துற ஸ்பெகுலம் வச்சிருக்கீங்களா? தலையில மாட்டுற லைட்டும் பல் பார்க்கிற கண்ணாடியும் உண்டா? கடைசிப் பல்லு வரை கைவிட்டுப் பார்ப்பீங்களா? பார்த்ததை எழுதித் தருவீங்களா?" இந்த ஐந்துக்கும் ஆமாம் என்கிறவர் கிடைத்தால் தூரத்தைப் பொருட்படுத்தாதீர்கள். ஒன்றுக்கும் பதில் சொல்லாமல், "நான் முப்பது வருஷமாப் பார்க்கிறேன், கவலைப்படாதீங்க" என்று மட்டும் சொல்கிறவரிடம் கொஞ்சம் யோசியுங்கள்.

இந்தக் கேள்விகளுக்குக் காரணம் உண்டு. குதிரைக்கு ஒரு பக்கத்துக்கு மேலே ஆறும் கீழே ஆறுமாக 24 அரவைப் பற்கள். கடைசிப் பல்லுக்குக் கை எட்ட வேண்டுமானால் முழங்கைக்கு அருகே வரை வாய்க்குள் போக வேண்டும். இரும்புச் சட்டமான ஸ்பெகுலம் தாடையைத் திறந்து நிறுத்தாவிட்டால் அந்தக் கை நொறுங்கும். வெளிச்சம் இல்லாவிட்டால் கன்னத்தின் உள்பக்கம் வெளுத்துக் கிடக்கும் புண் தெரியாது. கண்ணாடி இல்லாவிட்டால் இரண்டு பல்லுக்கு நடுவே உள்ள சந்தில் சிக்கிய வைக்கோல் தெரியாது. மயக்க மருந்து இல்லாவிட்டால் குதிரை இதில் ஒன்றுக்கும் நின்று கொடுக்காது.

நல்ல டாக்டர் வேலை செய்கிற விதத்தைக் கவனியுங்கள். அவர் வந்ததும் அரத்தை எடுக்க மாட்டார். முதலில் குதிரை தின்பதை நின்று பார்ப்பார். தூரத்தில் இருந்து முகத்தின் இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருக்கிறதா என்று பார்ப்பார். இதயத் துடிப்பைக் கேட்பார். பெண் குதிரையானால் சினையா என்று கேட்பார், டெட்டனஸ் ஊசி எப்போது போட்டது என்று கேட்பார். பெரிய ஊசிக்குழலில் தண்ணீர் பீய்ச்சி வாயில் உள்ள சக்கையைக் கழுவுவார். முன்பல்லைப் பார்த்து, பிறகு ஸ்பெகுலத்தை மாட்டி, ஒவ்வொரு பல்லாகத் தடவிப் பார்த்து, என்ன கண்டார் என்று உங்களுக்குச் சொல்லிவிட்டுத்தான் தேய்ப்பார். தேவையான இடத்தில் தேவையான அளவே தேய்ப்பார். பல்லின் அரைக்கும் பரப்பு சொரசொரப்பாக இருக்க வேண்டும், அதை மழமழவென்று ஆக்கிவிட்டால் குதிரைக்கு அரைக்க முடியாது. மிஷின் வைத்துத் தேய்த்தால் இடையிடையே நிறுத்தித் தண்ணீர் விடுவார். சூடு ஏறினால் பல்லுக்குள் இருக்கும் உயிர்த்தசை செத்துவிடும், அது தெரியவரப் பல மாதம் ஆகும். மிஷின் நல்லதா கை அரம் நல்லதா என்று குதிரைக்காரர்கள் வாதிடுவது உண்டு. என் கருத்தில் இரண்டும் நல்லதே, பிடிக்கிற கை நிதானமாக இருந்தால்.

டாக்டர் கண்டதை எழுத்தில் வாங்குங்கள். குதிரைப் பல்லுக்கு உலகம் முழுக்க ஒரே எண் முறை உண்டு. முதல் இலக்கம் பக்கத்தைச் சொல்லும்: மேல் வலது 1, மேல் இடது 2, கீழ் இடது 3, கீழ் வலது 4. அடுத்த இரண்டு இலக்கம் முன்னிருந்து எத்தனையாவது பல் என்பது. 06 முதல் 11 வரை அரவைப் பற்கள். டாக்டர் 311 என்று எழுதினால் கீழ் இடதின் கடைசிப் பல். இதைத் தெரிந்துகொண்டால் அடுத்த ஆண்டு வேறு டாக்டர் வந்தாலும் போன ஆண்டு எந்தப் பல்லில் குறை இருந்தது என்று நீங்களே காட்டலாம். நம் மாவட்டத்தில் ஒரே டாக்டர் ஆண்டுதோறும் கிடைப்பது உறுதியில்லை, அதனால் இந்தத் தாள்தான் உங்கள் குதிரையின் வைத்தியத் தொடர்ச்சி. பத்திரமாக வையுங்கள்.

வயதுக்கு ஏற்பக் காட்டுங்கள். இரண்டரை வயதில் நடு முன்பல் விழுந்து முளைக்கும், மூன்றரையில் அடுத்தது, நாலரையில் ஓரத்தது. இந்த வயதில் அரவைப் பால்பற்களும் ஒவ்வொன்றாகக் கழலும், சில சமயம் புதுப்பல்லின் மேல் தொப்பிபோல் ஒட்டிக்கொண்டு தொந்தரவு தரும். ஆகவே 2 முதல் 5 வயது வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பது நல்லது. 20 தாண்டிய குதிரைக்கும் அப்படியே. குட்டியைச் சவாரிக்குப் பழக்கத் தொடங்குமுன், கடிவாளம் உரசும் இடத்தில் சின்னதாக ஓர் உபரிப்பல் இருக்கிறதா என்று கட்டாயம் பார்க்கச் சொல்லுங்கள். இருந்தால் டாக்டர் எடுத்துவிடுவதா என்று முடிவு செய்வார்.

சீசனுக்கு முன் முடியுங்கள். கார்த்திகையில் அய்யப்ப பக்தர்கள் வரத் தொடங்கினால் தை வரை கன்னியாகுமரியில் கூட்டம் குறையாது. பிறகு பள்ளி விடுமுறை. வேலை அதிகமான நாட்களில் வாய்ப்புண்ணோடு கடிவாளம் சுமக்க வைக்கக்கூடாது. ஐப்பசியிலேயே காட்டிவிட்டால் ஆறுவதற்கு நாளும் கிடைக்கும்.

சேர்ந்து கூப்பிடுங்கள். வெளியூர் டாக்டர் ஒரு குதிரைக்காக வந்து போனால் அவருக்கும் நஷ்டம், உங்களுக்கும் செலவு. கன்னியாகுமரி, நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் உள்ளவர்கள் பேசி ஒரு நாளை வைத்தால் போக்குவரத்துச் செலவு பங்காகும், அவரும் முழு நாளும் வேலை செய்வார். ஒரு குதிரை முடிந்து அடுத்ததுக்குப் போகுமுன் கருவிகளைக் கிருமிநாசினியில் கழுவுகிறாரா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளூர்க் கால்நடை டாக்டரையும் அன்று அழையுங்கள். பக்கத்தில் நின்று பார்க்கிற இளம் டாக்டர் ஒருவர் அடுத்த ஆண்டு நமக்கே கிடைக்கலாம்.

இடத்தைத் தயார் செய்யுங்கள். நிழல், சமதரை, வழுக்காத தரை, இரண்டு வாளித் தண்ணீர், குதிரை நம்பும் ஓர் ஆள். இருட்டான லாயம் நல்லது, தலை லைட்டின் வெளிச்சம் வாய்க்குள் தெளிவாக விழும். குழந்தைகளையும் வேடிக்கை பார்ப்பவர்களையும் தள்ளி நிறுத்துங்கள். மயக்கத்தில் நிற்கிற குதிரையும் உதைக்கும்.

செய்யக்கூடாதவை

எச்சில் ஒழுகி, விழுங்க முடியாமல் நிற்கிற குதிரையின் வாயில் கையை விடாதீர்கள். பல் நோவு என்றே தோன்றும். வெறிநோயாகவும் இருக்கலாம். குதிரைக்கும் வெறிநாய்க்கடியால் அந்த நோய் வரும், அதன் எச்சில் உங்கள் கையில் உள்ள சின்னக் கீறலில் பட்டால் போதும். நடத்தை மாறியிருந்தாலோ, அண்மையில் நாய் கடித்ததாகச் சந்தேகம் இருந்தாலோ, தள்ளி நின்று கால்நடை டாக்டரைக் கூப்பிடுங்கள். எச்சில் பட்டிருந்தால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ அருகில் உள்ள அரசு மருத்துவமனைக்கோ போய்த் தடுப்பூசி போடுங்கள். இந்த ஒன்றில் நாளைக்குப் பார்ப்போம் என்பது கிடையாது. அதேபோல் மூக்கில் சளி வடிந்து உடம்பில் கட்டிகளும் இருந்தால் கிளாண்டர்ஸ் என்ற நோயையும் டாக்டர் நினைப்பார். அதுவும் மனிதருக்குப் பரவும், ரத்த மாதிரியை ஹரியானாவில் ஹிசாரில் உள்ள தேசியக் குதிரை ஆராய்ச்சி மையத்துக்கு அனுப்பிப் பார்ப்பார்கள்.

அரம் வைத்திருக்கிறவரெல்லாம் வைத்தியர் என்று நம்பாதீர்கள். லாடம் அடிக்கிறவர் குளம்பு விஷயத்தில் உங்களைவிடவும் என்னைவிடவும் நூறு மடங்கு தெரிந்தவர், அவரை மதியுங்கள். ஆனால் அந்த அரத்தாலேயே பல்லையும் ராவித் தருகிறேன் என்றால் பணிவாக வேண்டாம் என்று சொல்லுங்கள். நாக்கை வெளியே இழுத்துப் பிடித்துக்கொண்டு, மூன்று பேர் காதையும் வாலையும் முறுக்க, கண்ணால் பார்க்காமல் உள்ளே அரத்தை ஓட்டுவது வைத்தியம் ஆகாது. நாக்கு நசுங்கும், கன்னம் கிழியும், பின்பல்லில் கொக்கிபோல் வளர்ந்த முனை அப்படியே இருக்கும். அடுத்த தடவை எந்த டாக்டர் வந்தாலும் அந்தக் குதிரை வாயைத் தொடவிடாது.

மயக்க மருந்தை நீங்களே வாங்கிப் போடாதீர்கள். டாக்டர் அல்லாத வேறு யாரையும் போடவிடாதீர்கள். எடைக்கும் உடல்நிலைக்கும் ஏற்ற அளவு டாக்டருக்குத்தான் தெரியும். மயக்கம் முழுதாகத் தெளியும்வரை தீவனம் வைக்காதீர்கள். அரைத் தூக்கத்தில் தின்றது தொண்டையில் அடைத்துக்கொள்ளும். குதிரையால் வாந்தியும் எடுக்க முடியாது.

தலையை உதறுகிறது என்று கடிவாளத்தை இறுக்காதீர்கள். இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன். கடற்கரையில் பிள்ளையை ஏற்றிக்கொண்டு நடக்கிற குதிரை தலையை மேலும் கீழும் எறிந்தால், திமிர் பிடித்தது என்று சொல்லி இன்னும் கடுமையான கம்பியை மாட்டுகிறார்கள், வாயைச் சுற்றி வாரைக் கட்டுகிறார்கள். அந்த வார் கன்னத்தை உள்ளே இருக்கும் கூர்முனைகளின் மேலேயே வைத்து அழுத்தும். வலி கூடும், உதறல் கூடும், அடி விழும். பல்லைப் பார்த்த பிறகு, புண் ஆறும்வரை கடிவாளம் இல்லாமல் விட்டாலே பல குதிரைகள் சாதுவாகிவிடும். குணம் கெட்டது என்ற முடிவுக்கு வருமுன் வாயைப் பார்ப்பது குதிரைக்கு நாம் செய்யவேண்டிய குறைந்தபட்ச நியாயம்.

ஒரே நாளில் எல்லாவற்றையும் சரிசெய்யச் சொல்லி டாக்டரை நெருக்காதீர்கள். பல ஆண்டாகக் கவனிக்காத வாயில் ஒரு பல் நீண்டு எதிர்த்தாடையைக் குத்திக்கொண்டிருக்கும். அதைச் சில மில்லிமீட்டராகச் சில மாத இடைவெளியில்தான் குறைக்க முடியும். ஒரேயடியாகத் தேய்த்தால் உயிர்த்தசை திறந்துகொள்ளும். வெட்டுக்கருவியால் பல்லை நறுக்கித் தருகிறேன் என்பவரை உள்ளேயே விடாதீர்கள். அப்படி நறுக்கும்போது பல் வேர் வரை பிளந்துபோகிறது.

தெரிந்த பல் டாக்டர் இருக்கிறாரே என்று மனிதருக்குப் பார்க்கிறவரை அழைக்காதீர்கள். பல்லின் அமைப்பே வேறு, மருந்தும் வேறு.

கிராம்பெண்ணெய், உப்பு, சுண்ணாம்பு என்று தடவி நாளைத் தள்ளாதீர்கள். நோவு இருக்கிறது என்று தெரிந்த பின், டாக்டர் வரும்வரை செய்யக்கூடியது தீவனத்தை மென்மையாக்குவதுதான்: காணத்தை நன்றாக ஊறவைத்து வேகவைத்து, தவிட்டோடு கூழாகக் கொடுங்கள். கன்னிப்பூ அறுப்பு முடிந்து வந்த முரட்டு வைக்கோலைத் தள்ளிவைத்து, இளம் பச்சைப்புல்லைப் பொடியாக நறுக்கிப் போடுங்கள். தண்ணீர் எப்போதும் எட்டும் இடத்தில் இருக்கட்டும். அரைபடாத வைக்கோல் குடலில் சேர்ந்தால் வயிற்றுவலி வரும், குதிரைக்கு வயிற்றுவலி என்பது உயிர்போகிற விஷயம்.

குதிரை வாங்கும்போது விற்கிறவர் சொல்லும் வயதை மட்டும் நம்பாதீர்கள். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக்கூடாது என்பது பழமொழி. காசு கொடுத்து வாங்கும் குதிரைக்கு அது பொருந்தாது. அந்தியூர் குருநாதசாமி கோவில் ஆடித் திருவிழாச் சந்தைக்குப் போனாலும் சரி, வடக்கே இருந்து கத்தியவாரி, மார்வாரி இனக் குதிரையை வரவழைத்தாலும் சரி, பணம் கைமாறுமுன் டாக்டர் ஒருவர் வாயைப் பார்க்கட்டும். 5 வயதுக்குள் முன்பல் எல்லாம் மாறிவிடும், அதுவரை வயதைத் துல்லியமாகச் சொல்லலாம். 10 வயது வாக்கில் மேல் ஓர முன்பல்லில் ஈறோரம் ஒரு கோடு தோன்றி, 15-ல் பாதிப் பல் வரை, 20-ல் பல் முழுக்க இறங்கும். இது உத்தேசக் கணக்குத்தான். கிழக் குதிரையின் முன்பல்லில் குழி தோண்டிக் கருக்கி இளசாகக் காட்டுவது உலகமெங்கும் குதிரைச் சந்தைகளில் பழகிய தந்திரம், அதைப் பிடிக்கவும் பழகிய கண் வேண்டும். வயதைவிட முக்கியம் அரவைப் பற்களின் நிலை. அங்கே இரண்டு பல் இல்லாத குதிரையை வாங்கினால், அதன் ஆயுள் முழுக்கத் தீவனத்தை அரைத்துக் கொடுக்கும் வேலை உங்களுடையது.

கட்டணம் குறைவு என்பதற்காக ஆளைத் தேர்ந்தெடுக்காதீர்கள். பேசும்போதே மயக்க மருந்து, பயணம், தேய்ப்பது எல்லாவற்றுக்கும் எவ்வளவு என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வந்தபின் பேரம் பேசி அவரை அவசரப்படுத்தினால் இழப்பு குதிரைக்கு. நன்றாகப் பார்த்தவருக்குக் கேட்டதைக் கொடுத்து, அடுத்த வருகைக்கு மாதத்தையும் அப்போதே பேசிவிடுங்கள்.

நாகர்கோவிலிலும் கன்னியாகுமரியிலும் குதிரை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த ஐப்பசிக்குள் ஒரு நாளைக் குறித்து, ராமையன்பட்டிக் கல்லூரியிலோ திருவனந்தபுரத்திலோ விசாரித்து, ஸ்பெகுலமும் லைட்டும் கொண்டு வரும் ஒரு டாக்டரை எல்லோருமாகச் சேர்ந்து அழையுங்கள். ஒரு குதிரைதான் இருக்கிறது என்பவரும் சேர்ந்துகொள்ளுங்கள். டெட்டனஸ் ஊசி விட்டுப்போயிருந்தால் அதை அதற்கு முன்பே போட்டுவிடுங்கள்.